வாசகர் கேள்வி: முகாமுக்கு வந்த மனுக்கள் என்ன ஆகும்?

கேள்வி: அரசு சட்டக் கல்லூரி ஒன்றில் ஐந்தாண்டுப் படிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தேன். கல்லூரியின் சட்ட உதவி மையம் சார்பில் எங்கள் ஊரில் சட்ட விழிப்புணர்வு முகாம் நடத்த ஏற்பாடு செய்யும்படி பேராசிரியர் சொல்லியிருக்கிறார். சென்ற ஆண்டு பக்கத்து ஊரில் நடந்த முகாமில் பேனர், பொன்னாடை, குழுப் புகைப்படம் எல்லாம் இருந்தன. மனுவோடு வந்த பெரியவர்களுக்குத்தான் பதில் இல்லை. அதையே என் ஊரிலும் நடத்த மனம் வரவில்லை. ஆங்கிலம் சரளமாக வராத நான் சட்டம் சொன்னால் யார் மதிப்பார்கள் என்ற தயக்கமும் உண்டு. ஊரில் பிளஸ் ஒன் படிக்கும் மாணவி ஒருத்தி, "அக்கா, நானும் வக்கீலுக்குப் படிக்கலாமா?" என்று கேட்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முகாமை நடத்த மறுத்துவிடாதீர்கள், அதன் வடிவத்தை மாற்றித் தரும்படி கேளுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் மூத்த ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் சட்ட உதவி மையம் ஒன்றை நடத்த வேண்டும் என்று இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள் சொல்கின்றன. இலவசச் சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களை உருவாக்கிய 1987-ஆம் ஆண்டுச் சட்டமும் கல்லூரி மையங்களுக்கு வழிகாட்டி மேற்பார்வையிடுவதை தேசிய ஆணைக்குழுவின் பணிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. அந்த ஆணைக்குழுவின் 2011-ஆம் ஆண்டு விதிமுறைகள், மாணவர்கள் ஓர் ஊரைத் தத்தெடுத்துப் பணியாற்றலாம் என்றே கூறுகின்றன. ஆகவே, ஒரு நாள் வந்து பேசிவிட்டுப் போவதோடு கடமை தீர்ந்துவிடுவதில்லை. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிட வரும் நாக் குழுவுக்குக் காட்டும் கோப்பில் ஒரு புகைப்படம் சேர்ந்தால் போதும் என்று நினைக்கும் கல்லூரிகள் இருப்பது உண்மைதான் என்றாலும், விதியை எடுத்துக் காட்டிப் பணிவாகக் கேட்கும் மாணவியை மறுப்பது எந்தப் பேராசிரியருக்கும் எளிதல்ல.

நீங்கள் கேட்க வேண்டியது, முகாம் நடந்த பிறகு மாதம் ஒரு நாள், ஒரே இடத்தில், அதே மாணவர்கள் வந்து உட்கார அனுமதி. முகாமையே கிராம சபை நாளை ஒட்டி வைத்துக்கொண்டால் ஆள் திரட்டும் வேலை மிச்சமாகும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் ஊர் எப்படியும் கூடும். மேடைப் பேச்சை அரை மணி நேரத்தோடு நிறுத்திவிட்டு, மீதி நேரத்தை மனு எழுதக் கொடுங்கள். சட்டப் பிரிவுகளின் எண்களை ஒப்பிப்பதைக் கேட்டு ஒருவருக்கும் பட்டா மாறியதில்லை.

உங்கள் ஊரில் வரப்போகும் மனுக்களில் பாதிக்கு மேல் நிலம், வாரிசு, உதவித்தொகை பற்றியவையாகவே இருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆன ஒரு பெண், பட்டா இன்னும் மாமனார் பெயரிலேயே இருக்கிறது என்று வருகிறார். அவருக்குச் சொத்துரிமைச் சட்டத்தின் வரலாறு தேவையில்லை. மாமனாருக்கும் கணவருக்கும் தனித்தனியே இறப்புச் சான்றிதழ் இருக்கிறதா, வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாரா, மாமனாருக்கு வேறு பிள்ளைகள் உண்டா, அவர்கள் சம்மதிக்கிறார்களா, புல எண் என்ன, வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தாரா என்று வரிசையாகக் கேட்டு, இல்லாததை எங்கே வாங்குவது என்று சொல்லி, இருப்பதை இணைத்து ஒரு மனு எழுதித் தர வேண்டும். மனுவின் நகலில் அலுவலக முத்திரையோ ஒப்புகை எண்ணோ வாங்காமல் திரும்பக் கூடாது என்பதை இருமுறை சொல்லுங்கள். எழுதிய மனுவைவிட அந்த எண்தான் பின்னால் பேசும். அந்த எண்ணையும், மனு யாரிடம் போயிருக்கிறது, அடுத்து எப்போது விசாரிக்க வேண்டும் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து, அடுத்த மாதம் வரும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து விசாரியுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தவருக்கும் இதே விதி பொருந்தும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

செய்யக்கூடாதவையும் உண்டு. நீங்கள் இன்னும் வழக்கறிஞராகப் பதிவு செய்யாதவர் என்பதால் வக்காலத்து எடுக்கவோ, ஒருவருக்காக வாதாடவோ, பணம் வாங்கவோ கூடாது. கெடு உள்ள விஷயங்களைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கவும் கூடாது. காசோலை பணமின்றித் திரும்பியது என்று ஒருவர் வந்தால், வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாள்களுக்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று நீங்கள் நல்லெண்ணத்தோடு சொன்னால் அவருடைய வழக்கே போய்விடும். அத்தகையவர்களை அன்றே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ வட்டக் குழுவுக்கோ அனுப்புங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் அங்கே இலவசமாக வழக்கறிஞரை நியமிக்கிறார்கள். இது ஊரில் பெரும்பாலோருக்குத் தெரியாது. வசதியுள்ள வீட்டுப் பெண்ணுக்கும் அந்த உரிமை உண்டு என்பது படித்தவர்களுக்கே தெரிவதில்லை.

சொந்த ஊர் என்பதால் இன்னொரு சங்கடம் வரும். வீட்டில் அடி வாங்கும் பெண் உங்களைத் தேடி வருவார். அவரை அடிப்பவர் உங்களுக்குச் சித்தப்பா முறையாக இருப்பார். "பேசித் தீர்த்து வைக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரின் தொடர்பையும் 181 என்ற உதவி எண்ணையும் கொடுத்து, அவர் விரும்பினால் உடன் போங்கள். அவர் சொன்னது உங்கள் வீட்டில் அம்மாவுக்குக்கூடத் தெரியக் கூடாது.

ஆங்கிலத் தயக்கத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டின் மாவட்ட, வட்ட நீதிமன்றங்களில் சாட்சி பேசுவது தமிழ், மனுதாரர் அழுவதும் தமிழ். மேலே நான் சொன்ன கேள்விகளை ஊர்க்காரர் கூச்சப்படாமல் பதில் சொல்லும்படி கேட்க உங்களால் முடியும். ஆங்கிலப் பள்ளியில் படித்து வந்த சக மாணவர் அதை உங்களிடமிருந்துதான் கற்க வேண்டியிருக்கும். அதற்காக ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம்தான்; சிவில் நீதிபதித் தேர்விலும் மொழிபெயர்ப்புத் தாள் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 முதல் தன் தீர்ப்புகளில் சிலவற்றைத் தமிழிலும் தந்து வருகிறது. ஒரே தீர்ப்பை இரு மொழியிலும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒன்றாகப் படியுங்கள். பேச்சு ஆங்கில வகுப்புக்குப் பணம் கட்டுவதைவிட இது பயன் தரும் என்பது என் கருத்து.

பிளஸ் ஒன் மாணவிக்குச் சொல்ல வேண்டியதில் முக்கியமானது காலம். நம் கிராமங்களில் மே மாதம் தேர்வு முடிவு வந்த பிறகே மேற்படிப்பு பற்றிப் பேச்சு எழுகிறது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வோ அண்மை ஆண்டுகளில் அதற்கு முந்தைய டிசம்பரிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. திருச்சியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் அதுவே வாசல். தேர்வு முழுவதும் ஆங்கிலம்; விண்ணப்பக் கட்டணமே ஆயிரங்களில், படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு லட்சங்களில். எளிய குடும்பத்துப் பிள்ளைகளும் அந்த வாசலுக்குள் போக வேண்டும் என்று சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-இல் 'இடியா' என்ற அமைப்பைத் தொடங்கினார். சட்ட மாணவர்களே பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கண்டறிந்து, பயிற்சி கொடுத்து, சேர்ந்த பிறகும் துணை நிற்பது அதன் முறை. அவளுக்கு ஆர்வம் இருந்தால் இப்போதே தொடர்பு கொள்ளட்டும்.

அது இல்லாவிட்டாலும் வழி அடைபடவில்லை. நீங்கள் சேர்ந்ததைப் போலவே, அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள அரசு சட்டக் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேரலாம். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டப் படிப்புக்கும் உண்டு. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். சாதிச் சான்றிதழையும் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் விண்ணப்பிக்கும் வாரத்தில் தேடாமல், இந்த ஆண்டே வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

"படித்து முடித்தாலும் பதிவு செய்யப் பணம் வேண்டுமே" என்று அவள் தந்தை கேட்கக்கூடும். மாநிலப் பார் கவுன்சில்கள் ஆயிரக்கணக்கில் வசூலித்து வந்த பதிவுக் கட்டணம், சட்டத்தில் உள்ளபடி பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய்க்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கறிஞராகத் தொழில் செய்ய எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வுக்குக் கட்டணம் தனி. அதைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் தொடக்க காலத்தில் ஜூனியர்களுக்குச் சீனியர்கள் கொடுக்கும் தொகை பல இடங்களில் பேருந்துக் கட்டணத்துக்கே போதாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். குடும்பம் அதற்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

இப்போது உடனே செய்ய வேண்டியவை இரண்டு. மேற்பார்வை ஆசிரியரின் பெயரையும் மாதாந்திர நாளையும் குறிப்பிட்டு, முதல்வருக்கு எழுத்து மூலம் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். உங்கள் பேராசிரியரையும் கையெழுத்திடச் சொல்லுங்கள். அதன் நகலோடு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளரைச் சந்தித்து, சட்டத் தன்னார்வலர் பயிற்சியில் உங்களையும் தோழிகள் சிலரையும் சேர்க்கக் கேளுங்கள். சட்ட மாணவர்களுக்கு அதில் இடம் உண்டு. பயிற்சி முடிந்த பிறகு முகாமுக்குத் தேதி குறியுங்கள்.