பட்டையைப் பார்த்து விறகு எடுக்கலாமா?

கேள்வி: மீனுக்குப் புகை போட ஆசை. வளவில் வெட்டிப் போட்ட கொப்புகள் கிடக்கின்றன, ஆனால் இலை எல்லாம் உதிர்ந்துவிட்டது. பட்டையை வைத்து மரத்தைக் கண்டுபிடிக்கலாமா? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: கொய்யா என்றால் தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம், வழுவழுவென்று இருக்கும், செப்பு நிறத் தோல் மெல்லிய சிராய்களாகக் கழன்று அடியில் வெளிர்பச்சை தெரியும். புகைக்கு என் முதல் தெரிவு அதுதான், நன்றாகக் காயவிட்டு எடுங்கள். கருஞ்சாம்பல் நிறத்தில் நெடுக்கும் குறுக்குமாக வெடித்திருந்தால் புளியாக இருக்கலாம், அது கரிக்கு நல்லது.

சரி, பயப்பட வேண்டியது அலரிக்கு. அதன் பட்டையும் சாம்பல் நிறத்தில் வழுவழுப்புத்தான், ஆனால் கொய்யா மாதிரி உரியாது. புகையே நஞ்சு! கடலேரிப் பக்கம் பொறுக்கிய விறகில் தில்லையும் கலந்திருக்கலாம், பச்சைக் கொப்பைக் கீறினால் வெள்ளைப் பால் வடியும், கண்ணில் பட்டால் ஆபத்து. எந்த மரமென்று பிடிபடாத கொப்பை அடுப்புப் பக்கமே கொண்டுவராதீர்கள், சிரட்டையும் பொச்சும்தான் வீட்டில் இருக்கிறதே.