ஃபார்மட் செய்யும் முன் குறியீட்டைப் படியுங்கள்: விண்டோஸ் 11 கேள்வி பதில்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. 11க்கு மாறப் போய்ப் பாதி வழியில் மாட்டிக்கொண்டவர்களின் கேள்விகளே இங்கு அதிகம். வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன். பிழைக் குறியீடுகளின் தொடக்கத்தில் வரும் பூஜ்யமும் எக்ஸும் எல்லாவற்றுக்கும் பொது என்பதால் அவற்றை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. நான் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். விண்டோஸ் 11 நிறுவும்போது கணினி ஒருமுறை மறுதொடக்கம் ஆகிறது. பிறகு பழைய விண்டோஸுக்கே திரும்பிவிடுகிறது. திரையில் சி1900101 - 20017 என்று வருகிறது. கடையில் காட்டினேன், ஃபார்மட் செய்தால்தான் சரியாகும் என்கிறார்கள். வாடிக்கையாளர்களின் கணக்கெல்லாம் இதில்தான் இருக்கிறது. செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். உங்கள் கணினி பழுதாகவில்லை. புதிய விண்டோஸால் மேலே போக முடியவில்லை, அதனால் பழையதை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டது. அந்தப் பின்வாங்கும் ஏற்பாடு சரியாக வேலை செய்ததால்தான் இன்றைக்கும் உங்களால் கணக்கைத் திறக்க முடிகிறது. இந்த நிலையில் ஃபார்மட் செய்வது, தப்பிப் பிழைத்த கணக்குகளை நாமே அழிப்பதாகும்.

குறியீட்டில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. எதனால் நின்றது என்பதை முதல் பகுதி சொல்லும், எங்கே நின்றது என்பதை இரண்டாவது சொல்லும். சி1900101 என்றால் பெரும்பாலும் டிரைவர், அதாவது ஒரு சாதனத்தை இயக்கும் சிறு மென்பொருளின் கோளாறு. இரண்டாவது பகுதியின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். 1 என்றால் பழைய விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றது. 2 என்றால் மறுதொடக்கத்துக்குப் பிறகு வரும் பாதுகாப்பான சிறு சூழலில் நின்றது. 3 என்றால் புதிய விண்டோஸின் முதல் தொடக்கத்தில், 4 என்றால் இரண்டாவது தொடக்கத்தில். உங்களுடையது 2. அந்தச் சிறு சூழலே எழுந்து நிற்கவில்லை. வன்பொருளோ, ஏதோ ஒரு டிரைவரோ, வெளியார் தயாரித்த வட்டுக் குறியாக்க மென்பொருளோ தடுத்திருக்கும்.

முதலில் கணக்குக் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, அந்த நகல் வேறொரு கணினியில் திறக்கிறதா என்று பாருங்கள். பிறகு விசைப்பலகை, மவுஸ், திரை மூன்றைத் தவிர எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கணக்கு எழுதுகிறவர்களின் கணினிகளில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், மென்பொருள் உரிமத்துக்கான டாங்கிள், பிரிண்டர், ஸ்கேனர் என்று நான்கைந்து எப்போதும் செருகியே இருக்கும். வெளியார் ஆன்டிவைரஸ் இருந்தால் அதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தால் போதாது, முழுவதுமாக நீக்குங்கள். விண்டோஸில் உள்ள டிஃபெண்டர் அதுவரை காவல் காக்கும். கணினி தயாரிப்பாளரின் தளத்தில் புதிய பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) இருந்தால் அதையும் ஏற்றிவிட்டு மறுபடி முயலுங்கள்.

கேள்வி: நான்தான் ஐயா, அதே கணக்கர். எல்லாவற்றையும் கழற்றினேன், ஆன்டிவைரஸையும் நீக்கினேன். இப்போது சி1900101 - 30018 என்று வருகிறது. மீண்டும் தோல்விதானே?

பதில்: இல்லை, முன்னேற்றம். இரண்டாம் கட்டத்தைத் தாண்டி மூன்றாம் கட்டம் வரை போயிருக்கிறது. முதல் தொடக்கத்தின்போது ஒரு டிரைவர் பதில் சொல்லாமல் நின்றுவிட்டது என்பதே இதன் பொருள். அது எந்த டிரைவர் என்று இனி ஊகிக்க வேண்டாம், கணினியே எழுதி வைத்திருக்கும்.

சி டிரைவில் மறைந்திருக்கும் கோப்புறைகளைக் காட்டச் சொல்லுங்கள். டாலர் குறியில் தொடங்கும் 'விண்டோஸ் பிடி' என்ற கோப்புறைக்குள் 'சோர்சஸ்', அதற்குள் 'பாந்தர்'. அங்கே 'செட்டப்எர்' என்ற பதிவுக் கோப்பு இருக்கும். நோட்பேடில் திறந்து கீழிருந்து மேலாகப் படியுங்கள். கடைசியில் இருக்கும் சில வரிகள்தான் நமக்கு வேண்டும். அங்கே 'ஓஇஎம்' என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் சேர்ந்த கோப்புப் பெயர் தென்பட்டால், அது வெளியிலிருந்து வந்த ஒரு டிரைவர். வெளியார் டிரைவரை ஏற்றும்போது விண்டோஸ் அதற்கு அப்படித்தான் வரிசை எண் போட்டுப் பெயர் வைக்கும். நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'பிஎன்பியூட்டில்' மூலம் டிரைவர் பட்டியலை எடுத்தால் அந்த எண்ணுக்கு உரிய நிறுவனமும் சாதனமும் தெரிந்துவிடும். பதிவைப் படிக்கச் சிரமமாக இருந்தால் மைக்ரோசாஃப்டின் 'செட்டப்டயக்' கருவியை ஓட்டுங்கள். அதே பதிவுகளைப் படித்து, எது தடுத்தது என்று சுருக்கமாகச் சொல்லும்.

என்றோ வைத்திருந்து தூக்கிப் போட்ட பிரிண்டரின் டிரைவர்கூட இப்படித் தடுக்கும். டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களையும் காட்டச் சொன்னால், இப்போது இணைப்பில் இல்லாதவை மங்கலாகத் தெரியும். உங்களுக்கு அடையாளம் தெரிந்த பழைய சாதனங்களை மட்டும் நீக்குங்கள். தெரியாததைத் தொடாதீர்கள்.

கேள்வி: சி டிரைவில் 200 ஜிபி காலியாக இருக்கிறது. ஆனாலும் 'சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனைப் புதுப்பிக்க முடியவில்லை' என்று நின்றுவிடுகிறது. குறியீடு 800எஃப்0922. இத்தனை இடம் இருந்தும் ஏன்?

பதில்: இடம் இல்லாதது சி டிரைவில் அல்ல. கணினியைத் தொடக்கிவைக்கும் கோப்புகளுக்கு என்று தனியாகச் சிறிய பார்ட்டிஷன், அதாவது வட்டில் ஒரு பிரிவு உண்டு. எக்ஸ்ப்ளோரரில் அது தெரியாது. பல கணினிகளில் அதன் அளவு வெறும் 100 எம்பி. அதில் 15 எம்பியாவது காலியாக இருந்தால்தான் மேம்படுத்தல் நகரும். சில ஆன்டிவைரஸ்களும் கணினி தயாரிப்பாளர்களின் கருவிகளும் அங்கே எதையாவது எழுதி வைத்து நிரப்பிவிடுகின்றன.

இதற்கு மைக்ரோசாஃப்டே சொல்லும் வழி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் உங்கள் கோப்பு எதையும் அது தொடுவதில்லை. அந்தச் சிறிய பார்ட்டிஷனில் எழுத்துருக்களுக்கு ஒரு கோப்புறை இருக்கிறது. கணினி தொடங்கும்போது சீனம், ஜப்பானியம், கொரியம் போன்ற மொழிகளில் செய்தி காட்டுவதற்கான எழுத்துருக்கள் அதில் கிடக்கின்றன. அவற்றை நீக்கினாலே வேண்டிய இடம் கிடைத்துவிடும். நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, 'மவுண்ட்வால்' கட்டளையால் அந்தப் பார்ட்டிஷனுக்கு ஒய் என்று தற்காலிகப் பெயர் கொடுங்கள். ஒய்க்குள் போய் இஎஃப்ஐ, மைக்ரோசாஃப்ட், பூட், ஃபான்ட்ஸ் என்று வரிசையாக இறங்குங்கள். எந்தக் கோப்புறையில் நிற்கிறீர்கள் என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு, அங்கே உள்ள கோப்புகளை மட்டும் நீக்குங்கள். ஒரு படி மேலே, பூட் கோப்புறையில் நின்றுகொண்டு இதைச் செய்தால் கணினி அடுத்த முறை தொடங்காது. இந்த வேலைக்கு அவசரமே கூடாது.

இந்த வழி யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில், ஜிபிடி என்ற வடிவில் அமைந்த வட்டில் ஓடும் கணினிகளுக்கு மட்டும். அதே குறியீடு, விபிஎன் (இணைய இணைப்பை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் ஏற்பாடு) வழியாக இணையத்தில் இருக்கும்போதும் வரலாம். திரையில் பார்ட்டிஷன் பற்றிய வரி இல்லாமல் குறியீடு மட்டும் வந்தால், முதலில் விபிஎன்னைத் துண்டித்துவிட்டு முயலுங்கள்.

கேள்வி: 80070070 என்றால்?

பதில்: இது உண்மையாகவே சி டிரைவில் இடமில்லை என்பதுதான். 30 ஜிபி அளவுக்குக் காலி செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: எட்டாம் தலைமுறை இன்டெல் செயலி. இருந்தும் 'இந்தக் கணினிக்கு விண்டோஸ் 11 பொருந்தாது' என்கிறது. தங்கையின் மடிக்கணினி 2016இல் வாங்கியது, அதற்கும் இதே செய்தி. இரண்டையும் மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: உங்களுடையதை மாற்ற வேண்டாம். செயலியில் குறையில்லை. பயாஸில் டிபிஎம் என்ற பாதுகாப்பு அம்சம் அணைந்திருக்கும். இன்டெல் கணினிகளில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் அதற்குப் பெயர். அதை இயக்கிய பிறகும் இதே செய்தி வந்தால், கணினி பழைய லெகசி முறையில் தொடங்குகிறதா என்று பாருங்கள். அப்படியானால் வட்டு எம்பிஆர் என்ற பழைய வடிவில் இருக்கும். விண்டோஸுடன் வரும் 'எம்பிஆர்2ஜிபிடி' கருவி, கோப்புகளை அழிக்காமலே அதை ஜிபிடியாக மாற்றித் தரும். முதலில் அதன் சரிபார்ப்புத் தெரிவை ஓட்டி, வெற்றி என்று வந்தால் மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பிறகே பயாஸில் யூஇஎஃப்ஐக்குப் போக வேண்டும். வரிசை தலைகீழானால் விண்டோஸ் தொடங்காது.

தங்கையின் மடிக்கணினி தகுதிப் பட்டியலில் இல்லை. சோதனையைத் தாண்டிப் போகும் குறுக்கு வழிகள் உண்டு, ஆனால் அவரது ஒரே கணினி அதுவென்றால் அந்த வழியை நான் சொல்ல மாட்டேன். மைக்ரோசாஃப்ட் ஆதரவு தராத நிலையில் அடுத்த பெரிய புதுப்பிப்பில் என்ன ஆகும் என்று யாரும் உறுதி கூற முடியாது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வந்தபோது, பாப்கவுண்ட் என்ற செயலிக் கட்டளை இல்லாத மிகப் பழைய கணினிகளில் விண்டோஸ் தொடங்கவே மறுத்தது. 2016 செயலியில் அந்தக் கட்டளை இருக்கிறது என்றாலும், எச்சரிக்கைக்கு அது நல்ல உதாரணம். விண்டோஸ் 10க்கான கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2026 அக்டோபர் 13 வரை மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. இப்போதைக்கு அதில் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: தம்பி, நான் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. யூபிஎஸ் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. இப்போது கறுப்புத் திரையில் சுழல் மட்டும் சுற்றுகிறது. பேரனின் சிறுவயதுப் படங்கள் முழுவதும் அதில்தான் இருக்கின்றன.

பதில்: ஐயா, கவலை வேண்டாம். மேம்படுத்தல் உங்கள் படக் கோப்புறையை அழித்து எழுதுவதில்லை. வட்டுக்கே சேதம் நேராதவரை படங்கள் அங்கேயேதான் இருக்கும்.

முதலில் இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே விடுங்கள். பெட்டியின் முகப்பில் உள்ள வட்டு விளக்கு விட்டுவிட்டு மின்னினால் உள்ளே வேலை நடக்கிறது என்று பொருள். அது பழைய விண்டோஸுக்குத் திரும்பும் வேலையாகவும் இருக்கலாம். விளக்கு அசையவே இல்லையென்றால், மின்பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி அணையுங்கள். மீண்டும் இயக்கி, சுழல் வந்ததும் அணையுங்கள். இப்படி இருமுறை செய்தபின் மூன்றாம் முறை பழுதுநீக்கும் நீலத்திரை வரும். அதில் ஸ்டார்ட்அப் ரிப்பேரை முதலில் முயலுங்கள். பயன் இல்லையென்றால் 'முந்தைய பதிப்புக்குத் திரும்பு' என்ற தெரிவு இருக்கிறதா பாருங்கள்.

அந்தத் திரையில் 'ரீசெட்' என்றும் ஒன்று இருக்கும். படங்களை நகலெடுக்கும்வரை அதை அழுத்தாதீர்கள். எதுவும் பலிக்கவில்லையென்றால், உள்ளூரில் யாரையாவது பென் டிரைவில் லினக்ஸ் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். நிறுவாமலே அதிலிருந்து கணினியை இயக்கிப் படங்களை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிடலாம். கடையில் கொடுப்பதானால், 'முதலில் படங்கள், பிறகு விண்டோஸ்' என்று தாளில் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: பயாஸில் டிபிஎம்மை மாற்றினேன். அதன் பிறகு நீலத்திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. நான் எந்தப் பூட்டும் போடவில்லையே?

பதில்: நீங்கள் போடவில்லை, விண்டோஸே போட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியாக நுழைந்திருந்தால் பல மடிக்கணினிகளில் வட்டுக் குறியாக்கம் தானாகவே இயங்கிவிடும். மீட்பு எண் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்படும். கைப்பேசியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் பாருங்கள். திரையில் தெரியும் அடையாளக் குறியீடும் அங்கே உள்ளதும் ஒத்துப்போகிற எண்ணை இடுங்கள். கணினியை முதலில் அமைத்துக் கொடுத்தவரின் கணக்கில் அது இருக்கவும் வாய்ப்புண்டு, அவரையும் கேளுங்கள். எண் எங்குமே இல்லையென்றால் தரவை மீட்க வழியில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு திறந்து தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இதைப் படிக்கும் மற்றவர்கள் பயாஸைத் தொடும் முன் பிட்லாக்கர் என்ற இந்த வட்டுக் குறியாக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள், அந்த எண்ணையும் தாளில் எழுதி வையுங்கள்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. உபுண்டு லினக்ஸ் 22.04இலிருந்து 24.04க்குப் போகும்போது மடிக்கணினியை மூடிவிட்டேன். திறந்தால் உறைந்திருந்தது, அணைத்துவிட்டேன். இப்போது உள்நுழையும் திரை வரவில்லை. இங்கே கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம், அம்மா. உபுண்டுவில் தானாகப் பின்வாங்கும் ஏற்பாடு இல்லை. ஆனால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும். தொடங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தி க்ரப் என்ற தொடக்கப் பட்டியலை வரவழையுங்கள். மேல்நிலைத் தெரிவுகளில் பழைய கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ரிக்கவரி முறையைத் தேர்ந்து, முதலில் இணையத்தை இயக்கிவிட்டு, ரூட் ஷெல் என்ற நிர்வாகிக் கட்டளைத் திரைக்குள் போங்கள். 'டிபிகேஜி' கருவியை அதன் கன்ஃபிகர் தெரிவுடன் ஓட்டினால், பாதியில் நின்ற மென்பொருள் பொதிகள் எல்லாவற்றையும் அமைத்து முடிக்கும். அதன் பிறகு 'ஆப்ட்' கருவியின் உடைந்ததைச் சரிசெய்யும் தெரிவு, கடைசியாக முழு மேம்படுத்தல் தெரிவு. நடுவில் இடமில்லை என்று நின்றால் பூட் பகுதி பழைய கெர்னல்களால் நிரம்பியிருக்கும். இப்போது தொடங்கப் பயன்பட்ட கெர்னலை விட்டுவிட்டு மற்றப் பழையவற்றை நீக்குங்கள். எந்தப் பொதியில் சிக்கியது என்பது வார் கோப்புறையில் உள்ள லாகில், 'டிஸ்ட்-அப்கிரேட்' என்ற பகுதியில் இருக்கும். புராஜெக்ட் கோப்புகள் அதில் இருந்தால், இதையெல்லாம் தொடங்கும் முன் லைவ் பென் டிரைவில் இயக்கி நகலெடுத்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு விண்டோஸ் 11 நன்றாகவே ஏறிவிட்டது. ஆனால் வைஃபை அடிக்கடி அறுந்துபோகிறது. பழையதற்குத் திரும்ப முடியுமா?

பதில்: பத்து நாள்களுக்குள் என்றால் முடியும். செட்டிங்ஸில் சிஸ்டம், ரிக்கவரி, கோ பேக். பழைய விண்டோஸ் முழுவதும் சி டிரைவில் 'விண்டோஸ் ஓல்டு' என்ற கோப்புறையில் இருக்கிறது. கெடு முடிந்ததும் அது தானாக நீங்கிவிடும். டிஸ்க் கிளீனப்பில் அதை நீங்களே அழித்துவிட்டாலும் திரும்பும் வழி அடைபடும். கெடுவை 'டிஸ்ம்' கட்டளையால் 60 நாள் வரை நீட்டலாம், ஆனால் பத்து நாள் முடிவதற்குள் செய்துவிட வேண்டும். உங்கள் இடத்தில் நானாக இருந்தால் இன்றே கெடுவை நீட்டி வைத்துவிட்டு, மடிக்கணினி தயாரிப்பாளரின் தளத்திலிருந்து விண்டோஸ் 11க்கான வைஃபை டிரைவரை இறக்கி ஏற்றி, ஒரு வாரம் பார்ப்பேன்.