காப்பீட்டு அட்டை இருக்கும்போது அரசு ஆஸ்பத்திரி எதற்கு?

அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் மகப்பேறு மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கடைசி சில ஆண்டுகள், ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் பொறுப்பும் என்னிடம் இருந்தது. அந்தத் திட்டம் வழியாக அரசுப் பணம் தனியார் மருத்துவமனைகளுக்குப் போவது சரியா என்று பலரும் கேட்டிருந்தீர்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.

மதுரையிலிருந்து ஒருவர்: டாக்டர் அம்மா, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. நல்ல தனியார் மருத்துவமனைக்கே போய்விடலாமே? அரசு மருத்துவமனைக்குக் கட்டடம், கருவி என்று இன்னும் ஏன் கொட்ட வேண்டும்?

அட்டை எதற்கெல்லாம் பணம் தருகிறது என்று முதலில் பார்ப்போம். பட்டியலில் உள்ள அறுவைச் சிகிச்சைகள், படுக்கையில் சேர்ந்து பெறும் சில சிகிச்சைகள், டயாலிசிஸ், சில பெரிய பரிசோதனைகள். காய்ச்சலுக்கு ஓ.பி. சீட்டு போட்டுப் பார்ப்பது, மாதாமாதம் சர்க்கரை மாத்திரை, நாய் கடித்தால் போடும் ஊசி இதெல்லாம் அதில் வராது. நம் வீடுகளில் வருடம் முழுக்க வருவது இவைதானே?

ஒரு லாரி ஓட்டுநரை என்னால் மறக்க முடியவில்லை. தனியார் மருத்துவமனை ஒன்றில் அட்டை மூலமாக ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைக்காமல் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைத்திருந்தார்கள். அவருக்குப் பைசா செலவில்லை. நான்கு மாதம் கழித்து மறுபடி நெஞ்சுவலி என்று எங்களிடம் வந்து சேர்ந்தார். கூட வந்த மனைவி மஞ்சள் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். பத்தில் ஆறு அப்படியே இருந்தது. “கட்டுப்படியாகலைங்க, ஒருநாள் விட்டு ஒருநாள் குடுத்தேன்” என்றார். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமலிருக்க ஒருநாள்கூட விடக்கூடாத மாத்திரை அது. எங்கள் மருந்தகத்தில் இலவசமாகக் கொடுக்கிறோம். வீட்டுக்கு அனுப்பும்போது அதை அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. அறுவைக்குப் பணம் கொடுத்த திட்டம், அதற்கு மறுநாள் தொடங்கும் தொடர் மருந்துக்குப் பெரும்பாலும் பணம் தருவதில்லை. அந்த மறுநாளைப் பார்த்துக்கொள்வது ஆரம்ப சுகாதார நிலையமும் அரசு மருத்துவமனையும்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான்.

திருப்பூரிலிருந்து ஒரு தோழர்: அப்படியானால் காப்பீட்டையே நிறுத்திவிட்டு அந்தப் பணம் முழுவதையும் அரசு மருத்துவமனைக்குக் கொடுக்கலாம் அல்லவா? மக்கள் வரி ஏன் கார்ப்பரேட்டுக்குப் போக வேண்டும்?

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் நிறுத்தச் சொல்ல மாட்டேன். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது, இதய அறுவை செய்யும் வசதி பெரும்பாலான மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் கிடையாது. சென்னைக்கோ மதுரைக்கோ அனுப்பினால் வரிசையில் காத்திருக்க வேண்டும். காத்திருந்தே போனவர்கள் உண்டு. அந்த இடைவெளியில் தனியாரிடம் சிகிச்சையை விலைக்கு வாங்கியது தவறில்லை. 2012இல் திட்டம் புது வடிவம் எடுத்த பிறகும் அந்தத் தேவை தீரவில்லை.

அப்புறம், பலருக்குத் தெரியாத ஒன்று. அரசு மருத்துவமனையும் இதே திட்டத்தில் கிளெய்ம் போடலாம், அதாவது செய்த சிகிச்சைக்குப் பணம் கேட்டு விண்ணப்பிக்கலாம். வருகிற தொகையில் ஒரு பங்கு மருத்துவமனைக்கு, ஒரு பங்கு சிகிச்சையில் உழைத்தவர்களுக்கு ஊக்கத்தொகை. நான் பொறுப்பேற்றபோது எங்கள் கிளெய்ம் கோப்புகள் மேசையில் அடுக்கிக் கிடந்தன. ஒன்றில் எக்ஸ்ரே படம் இல்லை, ஒன்றில் டிஸ்சார்ஜ் சம்மரியில் கையெழுத்து இல்லை. அறுவை நடந்திருக்கும், நோயாளி குணமாகி வீட்டுக்குப் போயிருப்பார், பணம் மட்டும் வராது. கணினியில் ஏற்ற ஒரு பெண்ணை நியமித்தோம், வார்டு செவிலியர்கள் படங்களை அன்றன்றே எடுத்துக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் வந்த பணத்தில் அறுவை அரங்குக்கு விளக்கு மாற்றினோம். தனியார் மருத்துவமனையில் இந்த வேலைக்கென்றே தனி அலுவலகம் இருக்கும். நம்மிடம் அந்த ஓர் ஆள் இல்லாததால் நமக்கு வர வேண்டியது நின்றுபோகிறது. நான் கேட்பது அந்த ஆளை.

கோவையிலிருந்து ஒரு தனியார் மருத்துவர்: மேடம், எங்களை வில்லனாக்குகிறார்கள். ஒரு சிகிச்சைக்கு இவ்வளவு என்று திட்டம் மொத்தமாகக் கொடுக்கும் பேக்கேஜ் தொகை எங்கள் செலவுக்கே காணாது. அதுவும் மாதக்கணக்கில் நிலுவை.

நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, டாக்டர். இருபது படுக்கை வைத்து நடத்துகிறவர் நிலுவையைத் தாங்க முடியாது. தாமதம் ஆக ஆக, சிறிய, நேர்மையான மருத்துவமனைகள் விலகிக்கொள்ளும், பெரியவை மட்டுமே மிஞ்சும். அது யாருக்குமே நல்லதல்ல. தொகையை உண்மையான செலவுக் கணக்கு பார்த்து நிர்ணயிக்கட்டும், குறித்த நாளில் கொடுக்கட்டும். அதே சமயம், தொகை போதவில்லை என்று நோயாளியின் மனைவி தாலிக்கொடியை அடகு வைக்கும் நிலைக்குத் தள்ளுவதை என்னால் ஏற்க முடியாது. உங்கள் வழக்கு அரசோடு, அந்த அம்மாவோடு இல்லை.

தனியார் கை கொடுத்த இடங்களையும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கொடுக்கிறது. அட்டை இருக்கிறதா, எந்த மாநிலம் என்று கேட்பதில்லை. நெடுஞ்சாலையோரம் பக்கத்தில் இருப்பது தனியார் மருத்துவமனை என்றால் அங்கேதான் போக வேண்டும். உடலுறுப்பு தானத்திலும் 2008 முதல் இரு தரப்பும் ஒரே பதிவேட்டின்படி நடக்கிறார்கள்.

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி: தனியாரில் போனாலே சிசேரியன் என்கிறார்களே, உண்மையா?

2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36. சிக்கலான கேஸ்கள் கடைசி நேரத்தில் எங்களுக்குத்தான் வரும். அப்படியும் இந்த வித்தியாசம். சுகப்பிரசவத்துக்கு இரவெல்லாம் கூட இருக்க வேண்டும், சிசேரியனுக்கு நேரம் குறித்துவிடலாம், கட்டணமும் அதிகம். ஆனால் 36 என்பதும் அதிகம்தான். இரவில் ஒரே மருத்துவர், நிரம்பி வழியும் பிரசவ வார்டு. காத்திருந்து பார்க்கத் தைரியம் வராது. நானே அப்படி முடிவெடுத்த இரவுகள் இருக்கின்றன, இன்னும் மனதை உறுத்துகின்றன.

யாழ்ப்பாணத்திலிருந்து: எங்கட நாட்டில் அரச வைத்தியசாலை இலவசம். ஆனால் அதே டொக்டரைப் பின்னேரம் காசு கட்டி சனல் பண்ணிப் பார்க்கிறோம். உங்களிடமும் அப்படியா?

இங்கேயும் பணி நேரத்துக்குப் பிறகு கிளினிக் நடத்தத் தடையில்லை. முழுத் தடை போட்டால் கிராமப்புறத்துக்கு நிபுணர்கள் வர மாட்டார்கள் என்பது என் பயம். ஆனால் காலையில் ஓ.பி.யில் பார்த்தவரைச் சாயங்காலம் தன் கிளினிக்குக்கு வரச் சொல்வது குற்றமாக இருக்க வேண்டும்.

வேலூரிலிருந்து ஒரு மாணவர்: மாவட்ட மருத்துவமனையைத் தனியார் மருத்துவக் கல்லூரியோடு இணைக்கலாம் என்று மத்திய அரசின் ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் சொன்னதே, அது எப்படி?

2020 வாக்கில் வந்த வரைவு அது. மருத்துவமனைக் கட்டில்களில் ஒரு பகுதியைச் சந்தை விலைக்கு விடலாம் என்று அதில் இருந்தது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை, தம்பி. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கும் நம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பாருங்கள். 1994இல் தொடங்கியது. மருந்து தயாரிப்பது தனியார் கம்பெனிகள்தான். ஆனால் மாநிலம் முழுவதற்கும் சேர்த்து டெண்டர் விட்டு, தரப் பரிசோதனையில் தேறிய மருந்தை மட்டுமே விநியோகிக்கிறார்கள். விலை பேசும் பலம் நம் கையில். மாவட்ட மருத்துவமனையையே கொடுத்துவிட்டால் அந்தப் பலம் போய்விடும். பக்கத்துத் தெருவில் அரசு மருத்துவமனை அதே அறுவையைச் செய்வதால்தான் தனியார் பேக்கேஜ் தொகைக்கு ஒத்துக்கொள்கிறார்கள். 2017–18 தேசிய மாதிரி ஆய்வின்படி, பிரசவம் நீங்கலாக, ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்ததற்கு ஆன சராசரி மருத்துவச் செலவு அரசில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845. முதல் எண் இல்லாமல் போனால் இரண்டாவது எண் எங்கே போய் நிற்கும் என்று நினைத்தாலே நடுக்கமாக இருக்கிறது.

சேலத்திலிருந்து: அட்டை இருந்தும் “நல்ல ஸ்டென்ட்” என்று 40 ஆயிரம் கேட்கிறார்கள். என்ன செய்வது?

கொடுக்காதீர்கள். எதற்கு எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு மாறும். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் காப்பீட்டுக்கென்று தொடர்பு அலுவலர் இருப்பார், அவரிடம் சொல்லுங்கள். அங்கேயும் சரியாகவில்லை என்றால் 104க்குப் போன் செய்யுங்கள்.

விழுப்புரத்திலிருந்து: அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிவு. எங்களிடம் அட்டையே இல்லை. இப்போது எடுக்க முடியுமா?

முடியும் அம்மா. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்குங்கள். குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். ஆனால் அதற்காக அப்பாவை வீட்டில் படுக்கவைத்துக் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே அரசு மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள், அங்கே அட்டை இல்லாமலும் சேர்த்துக்கொள்வார்கள். அட்டை வந்ததும் வார்டில் கொடுங்கள், அறுவைக்கு அதில் முன் அனுமதி கேட்பார்கள்.