வோட்-அ-ராமா: விடிய விடிய நடக்கும் வாக்கெடுப்பு பற்றி வாசகர் கேள்விகள்

கே: அமெரிக்க செனட்டில் பட்ஜெட் மசோதாவுக்கு 20 மணி நேரம்தான் வரம்பு என்கிறார்கள். பிறகு ஏன் மறுநாள் வரை இழுக்கிறது?

ப: வரம்பு விவாதத்துக்குத்தான், திருத்தங்களுக்கு இல்லை. விவாத நேரம் தீர்ந்தபின் திருத்தங்கள்மேல் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் வாக்குகளின் தொடர்தான் வோட்-அ-ராமா. 1974-ஆம் ஆண்டு பட்ஜெட் சட்டப்படி ரீகன்சிலியேஷன் மசோதாவுக்கு (சாதாரணப் பெரும்பான்மையிலேயே நிறைவேற்றக்கூடிய வரி, செலவு மசோதா) 20 மணி நேரம், பட்ஜெட் தீர்மானத்துக்கு (வரவு செலவு இலக்குகளை வகுப்பது) 50. அது தீர்ந்த பின்னும் திருத்தம் கொண்டுவரத் தடையில்லை, பேசத்தான் நேரமில்லை. ஒருமனதாக ஒப்புக்கொண்டு, தரப்புக்கு ஒரு நிமிடம் வைத்துக்கொள்வது வழக்கம்.

கே: ஒரு வாக்கெடுப்புக்கு எவ்வளவு நேரம்?

ப: பெயரளவில் 10 நிமிடம், நடப்பில் 15, 20. செனட்டில் பொத்தான் அழுத்தும் முறை கிடையாது; எழுத்தர் பெயர் பெயராக அழைக்க வேண்டும். முடிவை அறிவிக்காமல் நிறுத்தியும் வைக்கலாம். 2021 மார்ச் 5 அன்று 15 டாலர் குறைந்தபட்ச ஊதியம் பற்றிய வாக்கெடுப்பு ஏறக்குறைய 12 மணி நேரம் மூடப்படாமல் கிடந்தது. 42-58 என்று தோற்பது முன்பே தெரிந்துவிட்டது. தாமதத்துக்குக் காரணம், வேலையின்மை உதவித்தொகை பற்றி வெளியே நடந்த பேரம்.

கே: 2022-இல் இன்சுலின் திருத்தத்துக்கு 57 பேர் ஆதரவு, 43 பேர் எதிர்ப்பு. பெரும்பான்மை இருந்தும் தோற்றது மோசடிதானே?

ப: மோசடி இல்லை. அது திருத்தமும் இல்லை. தனியார் காப்பீட்டில் இன்சுலினுக்கு 35 டாலர் உச்சவரம்பு என்பது மசோதாவிலேயே இருந்த பிரிவு. வரவு செலவோடு தொடர்பில்லாதவற்றை ரீகன்சிலியேஷன் மசோதாவில் சேர்க்கவிடாத பேர்ட் விதிக்கு முரண் என்று அதன்மேல் ஆட்சேபம் எழுந்தது. நீங்கள் பார்த்த 57-43, அந்த விதியிலிருந்து விலக்கு தரலாமா என்பதற்கான வாக்கு. விலக்குக்கு 60 வேண்டும். மூன்று குறைந்தது, பிரிவு போயிற்று. மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பயனாளிகளுக்கான 35 டாலர் வரம்பு அப்படியே நின்றது. அதையும் சேர்த்து "இன்சுலின் தோற்றது" என்று எழுதுவது தவறு.

இதே பிழையோடு வரும் கடிதங்களுக்குக் கணக்கில்லை. எண்ணைப் பார்க்கிறீர்கள், எதன்மேல் வாக்கு என்று பார்ப்பதில்லை. செனட்டின் வாக்குப் பதிவில் ஒவ்வொரு வாக்குக்கும் "கேள்வி" என்று ஒரு வரி இருக்கிறது. தேவையான பெரும்பான்மை பாதியா, ஐந்தில் மூன்றா என்றும் இருக்கிறது. முதலில் அவற்றைப் படியுங்கள். திருத்தத்தின்மேல் வாக்கா, விலக்கின்மேல் வாக்கா, மசோதாவைக் குழுவுக்குத் திருப்பும் தீர்மானமா? மூன்றும் வேறு. குழுவுக்குத் திருப்ப மறுத்தவரை, அந்தத் தீர்மானத்தில் சொன்ன மருத்துவ உதவிக்கே எதிரி என்று பட்டியல் போடுவது அநியாயம். மறுத்ததற்கு அவருக்கு வேறு காரணம் இருக்கலாம்: மசோதாவைத் தாமதப்படுத்த விரும்பாதது, கட்சித் தலைமையின் கட்டளை. அதைத் தெரிந்துகொண்டு குறை சொல்லுங்கள்.

கே: நள்ளிரவில் நிறைவேறிய திருத்தம் காலையில் இருக்குமா?

ப: இல்லாமலும் போகலாம். இறுதியில் பெரும்பான்மைக் கட்சி மொத்த வாசகத்தையும் மாற்றும் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தால், முன்பு சேர்ந்தவை அதில் விடுபட்டுவிடும். 2021 பிப்ரவரியில், கனடாவிலிருந்து எண்ணெய் கொண்டுவரத் திட்டமிட்ட கீஸ்டோன் குழாய்வழி பற்றிய திருத்தத்துக்கு அதுதான் நேர்ந்தது. இறுதி வாசகத்தைப் பார்க்காமல் கொண்டாட வேண்டாம்.

கே: பட்ஜெட் தீர்மானத்தில் நிறைவேறும் திருத்தம் சட்டமாகுமா?

ப: ஆகாது. தீர்மானம் அதிபர் கையெழுத்துக்கே போவதில்லை.

கே: அப்படியென்றால் எல்லாமே நாடகம்தானே?

ப: பெரும்பகுதி தேர்தல் விளம்பரத்துக்கான வாக்குகள்தான். ஆனால் எல்லாம் அல்ல. 2025 ஜூன் 30 காலையில் தொடங்கி மறுநாள் நண்பகல் வரை நீண்ட ரீகன்சிலியேஷன் மசோதா வாக்குத் தொடரில், மாநிலங்களின் செயற்கை நுண்ணறிவுச் சட்டங்களைத் தடுக்கும் பிரிவு 99-1 என்று நீக்கப்பட்டது. அது திருத்தத்தின்மேல் நடந்த வாக்கு. கேள்வி வரியைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கே: யார் நிறுத்துவது?

ப: யாரும் நிறுத்த முடியாது. திருத்தம் கொண்டுவர ஆள் இல்லாதபோதுதான் இறுதி வாக்குக்குப் போவார்கள். 2025-இல் அந்த மசோதா நிறைவேறியது 51-50 என்று, துணை அதிபரின் வாக்கோடு.