உடற்கல்வி ஆய்வு: பிள்ளைகளிடமே கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

உடற்கல்வி வகுப்பில் மாற்றுத்திறனாளி மாணவர்களின் அனுபவம் பற்றி எம்.எட். ஆய்வு செய்கிறேன். யாரிடம் கேட்டாலும் "நல்லா இருக்கு, சார் நல்லாப் பாத்துக்கிறாங்க" என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். ஆசிரியர்களும் பெற்றோரும் சொல்வதை வைத்து எழுதிவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வேண்டாம். பெரியவர்களிடமும் பேசுங்கள், ஆனால் அதைப் பிள்ளைகளின் அனுபவம் என்று எழுதிவிடாதீர்கள். வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவி வந்ததாக இருக்கும், ஆனால் பீரியட் முழுக்க ஓரமாக உட்கார்ந்து ஸ்கோர் எழுதியிருப்பாள். "எல்லாரையும் சேர்த்துக்கொள்கிறோம்" என்று ஆசிரியர் மனதார நம்பித்தான் சொல்வார்.

"வகுப்பு எப்படி?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் மரியாதைக்கு ஒரு பதில் சொல்லும். ஆசிரியர் பக்கத்தில் நின்றால் சொல்லவே வேண்டாம். போன வாரப் பீரியடைப் பற்றிக் கேளுங்கள். அணி பிரித்தபோது உன்னை யார் கூப்பிட்டார்கள்? பந்து உன்னிடம் வந்ததா? வந்ததும் யாராவது வாங்கிக்கொண்டார்களா? இந்தக் கடைசிக் கேள்வியிலிருந்து பேச்சு எங்கெங்கோ போகும். தடுக்காமல் கேளுங்கள்.

குட்வின், வாட்கின்சன் என்ற ஆய்வாளர்கள் உடற்கல்வி வகுப்பு பற்றி 2000-இல் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் படியுங்கள். உடல் குறைபாடுள்ள 9 சிறு பிள்ளைகள்தான். அவர்களைக் குழுவாகப் பேசவிட்டார்கள், படம் வரையவைத்தார்கள். நல்ல நாள், மோசமான நாள் என்று இரண்டுமே வெளியே வந்தன. தானும் கூட்டத்தில் ஒருத்தி என்று தோன்றிய நாள், திறமையைக் காட்ட முடிந்த நாள் நல்ல நாள். ஒதுக்கப்பட்டதும், "உன்னால் முடியுமா" என்ற பார்வையும் மோசமான நாள். 'இத்தனை பேர் போதுமா' என்று உங்கள் வழிகாட்டி கேட்டால் இதைக் காட்டுங்கள். ஐ.நா. 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையையும் காட்டலாம். அதன் 30-ஆம் பிரிவு பள்ளி விளையாட்டில் சம வாய்ப்பைக் கேட்கிறது. 7-ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமையைப் பிள்ளைக்கே தருகிறது.

அப்புறம், சைகை மொழியில் பேசும் மாணவருக்கு அதே பள்ளி ஆசிரியரை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பெற்றோர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் பிள்ளையிடம் தனியாகச் சம்மதம் கேளுங்கள். எனக்குப் பெரிய கவலை பெயர் விஷயத்தில்தான். பள்ளியிலேயே சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவர்தான் என்றால் பெயரை மாற்றி என்ன பயன்? படிக்கிற ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும், அடுத்த பீரியடில் அந்தப் பிள்ளைதான் அவர் முன்னால் நிற்க வேண்டும். வகுப்பு, விளையாட்டு, சில சமயம் குறைபாட்டின் வகையைக்கூட மறைக்க வேண்டியிருக்கும். அதற்காக ஒரு நல்ல மேற்கோள் போனாலும் போகட்டும்.

முதல் நாளே ரெக்கார்டரை எடுக்காதீர்கள். மைதானத்தில் ஒரு பீரியடை முழுக்கப் பாருங்கள். பார்த்ததிலிருந்தே கேள்வியைத் தொடங்கலாம்.