எந்த நரம்பு எந்தத் தசைக்கு?

கேள்வி: மீன் கரு முட்டைக்குள் இருக்கும்போதே வாலைச் சுண்டுவதைக் காணொளியில் பார்த்தேன். எந்த நரம்பு எந்தத் தசைக்குப் போக வேண்டும் என்பது மரபணுவிலேயே எழுதியிருக்கிறதா?

பதில்: நீங்கள் பார்த்தது சீப்ரா மீனின் கருவாக இருக்கலாம். கண்ணாடி போன்ற உடல், உள்ளே நடப்பது அனைத்தும் வெளியே தெரியும். கருவுற்று ஏறத்தாழ 17 மணி நேரத்தில் வால் முதல்முறை சுண்டும். ஆய்வகத்தில் பணியாற்றிய காலத்தில் அந்த ஒரு சுண்டலைக் காண நள்ளிரவில் நுண்ணோக்கியில் கண் பதித்துக் காத்திருந்திருக்கிறேன். எத்தனை முறை பார்த்தாலும் மனம் சிலிர்க்கும்.

முதலில், இயக்க நரம்பணு, அதாவது தசையை இயக்கும் நரம்புச் செல், பிறப்பதே ஒரு கட்டளையால்தான். தண்டுவடத்துக்குக் கீழே ஓடும் முதுகுநாண் 'சானிக் ஹெட்ஜ்ஹாக்' என்ற புரதத்தைச் சுரக்கிறது. அருகிலுள்ள செல்லுக்கு அதிகம், தள்ளியிருப்பதற்குக் குறைவு. உரிய அளவு கிடைத்த செல்களில் 'ஆலிக்2' போன்ற மரபணுக்கள் விழிக்கின்றன. ஹெட்ஜ்ஹாக் குடும்பத்துப் புரதங்களின் சைகை முற்றிலும் தடைபட்டால் இயக்க நரம்பணுக்கள் உருவாவதில்லை.

இனி உங்கள் கேள்வி. மீனின் உடல் வரிசையான துண்டங்களாக அமைந்தது; ஒவ்வொரு துண்டத்திலும், ஒரு பக்கத்துக்குப் பெரும்பாலும் மூன்று முதல்நிலை இயக்க நரம்பணுக்கள் இருக்கும். மூன்றின் ஆக்ஸான்களும் (செல்லிலிருந்து தசையை நோக்கி நீளும் இழைகள்) ஒரே வாசலில் வெளியேறி, ஒரு சந்திப்பு வரை ஒரே வழியில் வருகின்றன. பிறகு ஒன்று வயிற்றுப்புறத் தசைக்கு, ஒன்று முதுகுப்புறத் தசைக்கு, ஒன்று நடுப்பகுதிக்கு. தவறு மிக அரிது.

மூன்றும் பிறக்கும்போது 'ஐலெட்1' மரபணுவை இயக்குகின்றன. ஆக்ஸான் முளைக்கும் நேரத்தில், வயிற்றுப்புறம் போகும் செல்லில் மட்டும் 'ஐலெட்2' இயங்குகிறது. அப்படியானால் ஐலெட்2தான் வழிகாட்டி என்று சொல்லத் தோன்றும். நானும் பல ஆண்டுகள் மாணவர்களிடம் அப்படித்தான் சொன்னேன். 2006இல் வெளியான ஆய்வு அதை மாற்றியது. ஐலெட்1 இல்லாவிட்டால் இந்த நரம்பணுக்களே உருவாவதில்லை. ஆனால் அதன் இடத்தில் ஐலெட்2வைக் கொடுத்தாலும் வேலை நடக்கிறது. இரண்டு புரதங்களுக்கும் உள்ள வேறுபாடு பாதையைத் தீர்மானிக்கவில்லை! தீர்மானம் அவற்றுக்கு மேலே, அல்லது இணையாக, வேறு காரணிகளால் நிகழ்கிறது.

அந்தத் தீர்மானத்தில் இடத்துக்குப் பெரும்பங்கு உண்டு. நரம்பு வளர்ச்சி ஆய்வாளர் ஜூடித் ஐசன் 1991இல் ஒரு கருவிலிருந்து தனியொரு நரம்பணுவை எடுத்து, இன்னொரு கருவில் வேறு இடத்தில் வைத்தார். ஆக்ஸான் முளைப்பதற்குப் போதிய நேரம் முன்பே மாற்றப்பட்ட செல் புதிய இடத்துக்குரிய பாதையில் சென்றது. தாமதமாக மாற்றப்பட்டது பழைய பாதையையே பிடித்தது. ஆகவே எழுதியிருக்கிறதா என்றால், முழு வரைபடமாக எழுதப்படவில்லை என்பேன். எங்கே நிற்கிறோம் என்பதைப் படித்து, குறித்த நேரத்துக்குள் முடிவெடுக்கும் திறன் எழுதப்பட்டிருக்கிறது.

கேள்வி: மீனில் இதை அறிந்து நமக்கு என்ன பயன்?

பதில்: குழந்தைகளைத் தாக்கும் தண்டுவடத் தசைநலிவு நோயில் 'எஸ்எம்என்' என்ற புரதம் போதவில்லை. மீன் கருவில் அதைக் குறைத்தபோது தசை ஏறக்குறைய இயல்பாகவே வளர்ந்தது. இயக்க நரம்பின் ஆக்ஸான்தான் குறுகியும் தாறுமாறாகக் கிளைத்தும் போனது. நலிவது தசை, ஆனால் பழுது தொடங்குவது நரம்பில் என்பதை அந்தக் கண்ணாடி உடல் வழியாகக் காண முடிந்தது.