ஹெலிகாப்டரில் போனால் கயிலாயத்தில் மூச்சு வாங்காதா?

கேள்வி: எனக்கு வயது 63. ஓய்வுபெற்ற ஆசிரியை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கயிலாய யாத்திரை ஏஜென்ட், “ஹெலிகாப்டர் பயணம் என்பதால் மூச்சுத்திணறல் வராது. இது குதிரை ஆண்டு, ஒரு முறை வலம் வந்தால் பதின்மூன்று முறை வந்த பலன்” என்கிறார். நம்பலாமா? வலத்தை முடிக்காமல் திரும்பினால் குற்றமாகுமா?

பதில்: ஏஜென்ட் சொன்னதை அப்படியே தலைகீழாகப் படித்துக்கொள்ளுங்கள் அம்மா, சரியாக இருக்கும். மூச்சுத்திணறலை விரைவாக வரவழைப்பதே ஹெலிகாப்டர்தான். நேபாளச் சமவெளியிலுள்ள நேபாள்கஞ்ச் ஏறக்குறைய 150 மீட்டர் உயரம். அங்கிருந்து சிமிகோட், ஹில்சா வழியாக இரண்டே நாளில் 3,900 மீட்டரில், திபெத்தில் இருக்கும் தக்லாகோட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். கால் வலிக்காது, உண்மைதான். ஆனால் உடம்பு இன்னும் நேபாள்கஞ்சிலேயே இருக்கும், மேலே உள்ள மெல்லிய காற்றுக்குப் பழகியிருக்காது.

கயிலாயத்தைக் கொடைக்கானல் மாதிரி ஏறி இறங்கும் மலையாக நினைத்துக்கொண்டுதான் நம்மவர்கள் கிளம்புகிறார்கள். அது இமயத்துக்கு வடக்கே, மழை மறைவில் கிடக்கும் குளிர் பாலைவனம். பருவமழை மேகங்களை இமயமே வழிமறித்துக்கொள்வதால் மருந்துக்கும் மரம் கிடையாது. 6,638 மீட்டர் சிகரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதில் ஏற யாருக்கும் அனுமதி இல்லை. பயப்பட வேண்டியது அது நிற்கும் தரைக்குத்தான். மானசரோவர் கரையே 4,590 மீட்டர். மெல்லிய காற்றுக்கு உடம்பு பழகாததால் வரும் உயர நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. இங்கே ‘கீழே’ என்று ஓர் இடம் பக்கத்தில் இல்லை. மலையடிவாரமான தார்ச்செனிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் வண்டியில் ஓடி வந்தால்தான் தக்லாகோட். இறங்கியிருப்பதோ எழுநூறு, எண்ணூறு மீட்டர்.

நான் மருத்துவராக உடன் சென்ற ஒரு குழுவில் ஒருவர், வறட்டு இருமல் தூசியால் வந்தது என்று இரண்டு நாள் பனங்கற்கண்டைச் சப்பிக்கொண்டிருந்தார். மூன்றாம் இரவு அவரால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி வாக்கியத்தின் நடுவில் மூச்சுக்கு நிறுத்தி நிறுத்திப் பேசினார். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. ஏஜென்ட் கொடுத்த ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களில் தீர்ந்துபோனது. அந்த டப்பாவைக் காட்டி ‘மருத்துவ வசதி உண்டு’ என்று விளம்பரம் செய்கிறார்கள்!

ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் நீங்கள் போகலாம். மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது. தக்லாகோட்டில் இரண்டு இரவு, மானசரோவரில் இரண்டு இரவு தங்காத திட்டத்துக்குப் பணம் கட்டாதீர்கள். உயர நோயைத் தடுக்க உதவும் அசிட்டசோலமைடு மாத்திரையை உங்கள் மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும் எடுங்கள். சல்பா மருந்து ஒவ்வாதென்றால் முன்பே சொல்லிவிடுங்கள். வலப்பாதை 52 கிலோமீட்டர். நடுவில் வரும் டோல்மா லா கணவாய் ஏறக்குறைய 5,630 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதிதான்.

அரசு நடத்தும் யாத்திரையில் டெல்லியிலும் வழியிலும் உடற்பரிசோதனை உண்டு, உடம்பு பழக நாளும் தருகிறார்கள். 2020 முதல் நின்றிருந்ததை 2025இல் மறுபடி தொடங்கி, குலுக்கலில் 750 பேரை எடுத்தார்கள். இவ்வளவு பெரிய நாட்டுக்கு 750! மற்றவர்களை ஏஜென்ட் கையில் ஒப்படைத்தாயிற்று. ஸ்டெதஸ்கோப்பைத் தொடாமலே தகுதிச் சான்றிதழில் கையெழுத்துப் போடும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். என் தொழில்காரர்கள்தான், வெட்கமாக இருக்கிறது.

குதிரை ஆண்டுக் கணக்கு திபெத்திய பௌத்தர்களுடையது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வரும். 2014க்குப் பிறகு 2026. சமணர்களுக்கு முதல் தீர்த்தங்கரரான ரிஷபதேவர் முக்தி பெற்ற அஷ்டாபதம் அது. திபெத்தின் பழைய சமயமான ‘பொன்’ (Bon) சமயத்தார் இடமாகச் சுற்றுகிறார்கள். அவரவர் நம்பிக்கை அவரவருக்கு. உங்கள் நுரையீரலுக்கு அந்தப் பதின்மூன்று தெரியாது. திரும்பினால் குற்றமா என்கிறீர்கள். அப்பர் கயிலைக்கு ஊர்ந்து ஊர்ந்து போய், உடம்பு நைந்தபோது அவரைத் திருப்பி அனுப்பியது சிவன்தான் என்கிறது பெரியபுராணம். கயிலைக் காட்சி அவருக்குக் கிடைத்தது திருவையாற்றில்.

திரும்புவதில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: விசா. தனியார் குழுவுக்குத் தருவது ஒரே தாளில் எல்லார் பெயரும் இருக்கும் குழு விசா. சேர்ந்து போய்ச் சேர்ந்து திரும்ப வேண்டும். நோயாளி ஒருவர் மட்டும் முன்னால் வர வேண்டுமானால் அவர் பெயரைப் பிரித்து வாங்க வேண்டும். அலுவலகம் திறக்கும்வரை, வழிகாட்டி வரும்வரை நோய் காத்திருக்குமா? ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: பெயரைப் பிரிக்கும் பொறுப்பு யாருடையது, செலவு யாருடையது, உங்களுடன் தக்லாகோட்வரை வரும் ஆள் யார், உங்களைத் திருப்பிக் கொண்டுவரும் வண்டி வலம் நடக்கும் மூன்று நாளும் தார்ச்செனிலேயே நிற்குமா. “அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்” என்று வாயால் சொன்னால் வேறு ஏஜென்டைப் பாருங்கள். காப்பீட்டுப் பத்திரத்தையும் கேட்டு வாங்கி, எத்தனை மீட்டர் உயரம்வரை செல்லும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.